"இன்னார் அச்சிட்டது, இன்னாருக்காக, இன்னார் கடையில் கிடைக்கும்": இதில் பதிப்பாளர் யார்?

#1 மேகலா_திருச்சி

வணக்கம். முதுகலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தேன். 1600களில் லண்டனில் வந்த நூல்களின் முகப்புப் பக்கப் படங்களைப் பார்த்து ஆசிரியர், பதிப்பாளர், அச்சகம், ஆண்டு என்று அட்டவணை போட வேண்டும். இரண்டாவது நூலிலேயே வகுப்பு முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

1604 ஹாம்லெட்டின் அடியில், ஐ.ஆர். என்பவர் என்.எல். என்பவருக்காக அச்சிட்டது, ஃப்ளீட் தெருவில் புனித டன்ஸ்டன் தேவாலயத்தை ஒட்டிய அவர் கடையில் கிடைக்கும் என்று இருக்கிறது. 1609இல் வந்த ஷேக்ஸ்பியர் சானெட்டுகளில் (பதினான்கு வரிக் கவிதைகள்), ஜி. எல்ட் டி.டி.க்காக அச்சிட்டது, விற்பவர் வில்லியம் ஆஸ்ப்ளி. அதே ஆண்டு, அதே நூல், வேறொரு பிரதியில் ஆஸ்ப்ளியைக் காணோம். ஜான் ரைட் இருக்கிறார். "இரண்டு பதிப்பகம், இரண்டு பதிப்பு" என்று ஒரு மாணவி எழுதிவிட்டாள். அது சரியில்லை என்று தெரிகிறது. எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை.

#2 எழுத்தாணி77

எந்தப் பேரைப் போட்டாலும் சரிதான் மேடம். மூணு பேரும் கூட்டுக் களவாணிங்க. ஹாம்லெட் அச்சானதுக்கு ஷேக்ஸ்பியர் கைக்கு ஒரு பென்னி போயிருக்காது. மில்டன் கண்ணு தெரியாம உக்காந்து சொல்லச் சொல்ல எழுதவெச்ச பாரடைஸ் லாஸ்ட் காவியத்துக்குக் கிடைச்சது அஞ்சு பவுண்டு. இதுல பதிப்பாளர் யாரு, விக்கிறவர் யாருன்னு ஆராய்ச்சி வேறயா?

#3 சுவடிப்பூச்சி

வசவு இருக்கட்டும் எழுத்தாணி, மில்டனுக்குப் பிறகு வருவோம். முதலில் மேகலா கேட்டது.

முதல் போட்டது யார் என்று தேடுங்கள். "இன்னாருக்காக" என்று வருகிற பெயர்தான் அநேகமாக அவர். கைப்பிரதியை விலைக்கு வாங்கியவர், தாள் வாங்கிக் கொடுத்தவர், அச்சுக்கூலி கொடுத்தவர், விற்காவிட்டால் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்து முழித்தவர் எல்லாம் அவரே. ஹாம்லெட்டின் என்.எல். நிக்கலஸ் லிங். ஐ.ஆர். என்ற ஜேம்ஸ் ராபர்ட்ஸ் அச்சகக்காரர், கூலிக்கு அடித்துக் கொடுத்தவர். சானெட்டுகளின் டி.டி. தாமஸ் தோர்ப். அவர் தொழில் நடத்திய காலத்தில் பெரும்பகுதி கடை இல்லாமலே ஓட்டியவர். ஆகவே அடித்த சரக்கை ஆஸ்ப்ளி கடைக்கும் ரைட் கடைக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார். அச்சு ஒன்றுதான். முகப்பின் கடைசி வரியை மட்டும் மாற்றி அடித்திருக்கிறார்கள். இன்று மிஞ்சியிருப்பது மொத்தமே 13 பிரதி.

"இன்னார் கடையில் கிடைக்கும்" என்ற வரி அந்தக் கடையில் மட்டும்தான் வாங்க முடியும் என்று சொல்லவில்லை. அது மொத்த வியாபார முகவரி. லண்டனில் எந்தப் புத்தகக் கடைக்காரரும் அங்கே போய்ச் சரக்கெடுத்துத் தன் கடையில் விற்கலாம். முகப்புத் தாளைக் கூடுதலாக அடித்துத் தூண்களிலும் சுவர்களிலும் ஒட்டுவார்கள். அப்போது அந்த வரிதான் விளம்பரம். கடைக்குக் கதவு எண் கிடையாது, பலகையில் வரைந்த படம்தான் அடையாளம். செயின்ட் பால் கதீட்ரல் வளாகத்தைச் சுற்றி வெள்ளை வேட்டைநாய், பச்சை டிராகன், கருப்புக் கரடி, கிளி என்று வரிசையாகத் தொங்கும். ஷேக்ஸ்பியரின் முதல் நூலான வீனஸ் அண்ட் அடோனிஸ் (1593) விற்றது வெள்ளை வேட்டைநாயில்.

இதற்கெல்லாம் மேலே ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற சங்கம், அச்சகக்காரர்களும் புத்தக வியாபாரிகளும் சேர்ந்தது. 1557இல் அரச சாசனம் பெற்றது. அங்கத்தினர் ஒருவர் ஒரு கைப்பிரதியைக் கொண்டுபோய்க் காட்டி 6 பென்ஸ் கட்டிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அந்த நூல் அவருடையது. விற்கலாம், அடகு வைக்கலாம், விதவைக்கு விட்டுப்போகலாம். ஆசிரியர் சங்கத்து ஆளே இல்லை. அவர் பெயரில் பதிவேடும் இல்லை, உரிமையும் இல்லை. எழுத்தாணிக்கு வருகிற கோபம் இந்த ஏற்பாட்டின்மேல் வந்தால் நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் லிங்கைத் திருடன் என்றால் அவர் காலத்துச் சட்டம் சிரிக்கும்.

ஒரு கூத்தும் சொல்லிவிடுகிறேன். 1602 ஜூலையில் ஹாம்லெட்டைப் பதிவேட்டில் ஏற்றியவர் ராபர்ட்ஸ். 1603இல் வேறொரு குட்டை ஹாம்லெட்டை வெளியிட்டவர்கள் லிங்கும் ஜான் டிரண்டலும். 1604இல் அதே லிங், அதே ராபர்ட்ஸிடம் அச்சுக்குக் கொடுத்து, "முன்பிருந்ததைப்போல ஏறக்குறைய இன்னொரு மடங்கு பெருக்கியது, உண்மையான முழுப் பிரதியின்படி" என்று முகப்பிலேயே போட்டுக்கொள்கிறார். முன்பிருந்ததை விற்றவர் யாராம்?

#4 அச்சுக்கோப்பன்

நான் படிச்சவன் இல்லை. சிவகாசியில எழுத்துக் கோக்கிற கம்போஸிட்டரா இருந்து ஆஃப்செட் வந்தப்புறம் வேலையை விட்டவன். சுவடி தம்பி சொல்றதுல ஒண்ணு சேர்த்துக்கணும்.

ஈய எழுத்துல நூலடிக்கிறப்ப எழுத்து எப்பவும் பத்தாது. ஒரு ஃபாரம் (ஒரே தடவையில அச்சேறுற பக்கங்களோட எழுத்துக் கட்டு) ஓடி முடிஞ்சதும் கழுவி, எழுத்தைப் பிரிச்சுக் கேஸ்ல, அதான் எழுத்துப் பெட்டியில, போட்டாத்தான் அடுத்த ஃபாரம் கோக்க முடியும். அதனால முதல் தாள் மெஷின்ல ஏறும்போதே எத்தனை பிரதின்னு முடிவு பண்ணியாகணும். எட்டு ஃபாரம் ஓடினப்புறம் "இன்னும் இருநூறு வேணும்"னா முதல்லேர்ந்து கோக்கணும், முழுக் கூலியும் மறுபடி. இது எங்க காலத்துக்கே அப்படின்னா அவங்க காலத்துக்குச் சொல்லவே வேணாம். பணம் போட்டவர் ஒரே ஒரு தடவை கணக்குப் போட்டுச் சூதாடுறார். எங்களுக்கு ஓடுதோ ஓடலையோ சனிக்கிழமை கூலி. இதுல யாரு பதிப்பாளர்னு எனக்குச் சந்தேகமே வரலை.

#5 சுவடிப்பூச்சி

ஐயா, இதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் ஆட்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. 1587இல் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி ஒரு விதி போட்டது: சில வகை நூல்கள் தவிர, ஒருமுறை கோத்த எழுத்தை வைத்து 1250, மிஞ்சினால் 1500 பிரதிக்குமேல் அடிக்கக் கூடாது; கோத்ததைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கவும் கூடாது. அச்சகத் தொழிலாளிக்கு வேலை குறையக் கூடாது என்பதற்காக.

பணக் கணக்கும் கேளுங்கள். ஆறு பென்ஸ் விலையுள்ள ஒரு நாடக நூலை 800 பிரதி அடித்தால் என்ன ஆகும் என்று பீட்டர் பிளேனி என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டிருக்கிறார். பிரதிக்கு அடக்கம் ஏறக்குறைய 2.7 பென்ஸ், மற்றக் கடைக்காரர்களுக்கு 4 பென்ஸ், வாசகருக்கு 6 பென்ஸ். மொத்த விலைக்கே தள்ளினால் 500க்குமேல் போன பிறகுதான் போட்ட முதல் திரும்பும். செலவில் பெரிய பங்கு தாள். நல்ல வெள்ளைத் தாள் பெரும்பாலும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது, அதற்குக் காசை முன்னாலேயே எடுத்துவைக்க வேண்டும்.

நாடக நூல் விற்பனை அப்படியொன்றும் பெரிய வியாபாரம் இல்லை என்பது பிளேனியின் முடிவு. ஃபார்மர், லெஸ்ஸர் என்ற இருவர் இதை எதிர்த்து, மறுபதிப்புக் கணக்கை வைத்துப் பார்த்தால் நாடகம் நன்றாகவே விற்றிருக்கிறது என்றார்கள். எனக்கு இந்த இருவர் பக்கம்தான் சாய்வு, ஆனால் அடக்கவிலைக் கணக்கு அதனால் மாறிவிடாது. நிச்சய லாபம் பஞ்சாங்கம், பைபிள் சங்கீதப் புத்தகம், எழுத்துப் பாடம் இவற்றில்தான். அதைச் சங்கத்தின் பெரிய கைகள் 1603இல் ஒரு கூட்டுப் பங்கு நிறுவனமாக்கித் தங்களுக்கே வைத்துக்கொண்டன.

#6 எழுத்தாணி77

நல்லா இருக்கு கணக்கு. பணம் போட்டவருக்கு ரிஸ்க், கூலிக்காரருக்குச் சனிக்கிழமை. எழுதினவனுக்கு? மில்டன் கேள்விக்கு யாரும் வாயைத் தொறக்கலை.

#7 கொக்குவில்காரன்

எழுத்தாணி தம்பி, மில்டனை நான் பார்க்கிறன்.

அஞ்சு பவுண் எண்டது பாதிக் கதை. 1667 ஏப்ரல் 27ந் திகதி ஒப்பந்தத்தில சாமுவேல் சிம்மன்ஸ் உடனடியாக 5 பவுண் குடுக்கிறார். முதல் பதிப்பில 1300 பிரதி வித்தால் இன்னொரு 5. இரண்டாம், மூண்டாம் பதிப்புக்கும் அதே கணக்கு. எவ்வளவு வித்தது எண்டு மில்டன் கணக்குக் கேட்கலாம், காட்டாவிட்டால் சிம்மன்ஸ் அடுத்த 5 பவுணைக் கட்ட வேணும். இரண்டாவது 5 பவுண் 1669 ஏப்ரலில வந்து சேர்ந்தது. மில்டன் செத்த பிறகு, 1680இல, அவரின்ர மனைவி எலிசபெத் 8 பவுண் வாங்கிக்கொண்டு மிச்ச உரிமையை விட்டுக் குடுத்திட்டா. ஆக மொத்தம் 18.

அந்த நூலின்ர விலை 3 ஷில்லிங் எண்டு சொல்லுவினம். 1300 பிரதிக்கு 195 பவுண். அதில ஆசிரியருக்கு 10 பவுண், நூற்றுக்கு அஞ்சு. இது தாராளம் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் சாட்சியோட, கணக்குக் கேட்கிற உரிமையோட, பதிப்புக்குப் பதிப்புக் காசு எண்டு எழுதின பத்திரம் அந்தக் காலத்தில அபூர்வம். கனபேருக்குக் கிடைச்சது ஒருமுறைக் காசு, இல்லாட்டில் கொஞ்சப் பிரதி.

இன்னொண்டு. சிம்மன்ஸை வெறும் காசுக்காரன் எண்டு நினைக்காதேங்கோ. புத்தகம் வாங்கின சனம் "கதை விளங்கேல்லை, எதுகையும் இல்லை" எண்டு முறைப்பட, 1668இல அவர் மில்டனிட்டைக் கேட்டு ஒவ்வொரு காண்டத்துக்கும் உரைநடைச் சுருக்கமும், ஏன் எதுகை வைக்கேல்லை எண்ட விளக்கமும் எழுதுவிச்சு, விக்காமக் கிடந்த பிரதிகளுக்கு முன்னால சேர்த்தார். கூடவே தன் பேரில வாசகருக்கு ஒரு சின்னக் குறிப்பும் போட்டார். பழைய அச்சுத்தாள்தான், முகப்பு மட்டும் புதுசு. இண்டைக்கும் மாணவர் படிக்கிற அந்தச் சுருக்கங்கள் ஒரு வியாபாரி கேட்டு வந்தவை.

இப்ப என்ர கேள்வி, சுவடி அண்ணைக்கு. 1667 முகப்புகளில சிம்மன்ஸின்ர பேரே இல்லை. ஆல்ட்கேட்டுக்குக் கிட்ட கிரீட் சேர்ச்சடியில பீட்டர் பார்க்கர், பிஷப்ஸ்கேட் தெருவில துருக்கன் தலைக் கடை ரொபர்ட் போல்ட்டர், ஃப்ளீட் தெருவில டன்ஸ்டன் தேவாலயத்தடியில மத்தையாஸ் வோக்கர். மூண்டும் மூண்டு மூலை. செயின்ட் பால் வளாகத்தில ஒரு கடைகூட இல்லை. ஏன் எண்டு யோசிச்சுப் போட்டு லண்டன் வரைபடத்தில குறிச்சுப் பார்த்தன். மூண்டு இடமும், லண்டனை எரிச்ச 1666 தீ போய் நிண்ட எல்லைக்கு வெளியில கிடக்கு. நான் பிழையாப் பார்க்கிறனோ?

#8 சுவடிப்பூச்சி

கொக்குவில், சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். இத்தனை வருஷமாக இந்த மூன்று பெயரையும் வரிசையாகப் படித்திருக்கிறேன், வரைபடத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஆல்ட்கேட் பக்கத்துத் தேவாலயமும் டன்ஸ்டனும் தப்பியவை. டன்ஸ்டனுக்குச் சற்றுக் கிழக்கே தீ நின்றது.

செயின்ட் பால் வளாகத்துக்காரர்களுக்கு நடந்தது கொடுமை. 1666 செப்டம்பர் 2 தீ பிடித்ததும் கடைச் சரக்கையெல்லாம் கதீட்ரலுக்கு அடியில் இருந்த புனித ஃபெய்த் நிலவறைக்குள் அடைத்தார்கள். கல் கட்டடம், தீ வராது என்ற நம்பிக்கை. மேலே கதீட்ரல் கூரை இடிந்து விழுந்ததில் நிலவறைக்கும் தீ இறங்கி, அத்தனையும் எரிந்துபோனது. 1,50,000 பவுண்டுக்குமேல் பெறுமான நூல்கள் போயின என்று சாமுவேல் பெப்பிஸ் கேள்விப்பட்டு நாட்குறிப்பில் எழுதுகிறார். அவருக்கு வாடிக்கையாகப் புத்தகம் தந்த ஜோஷுவா கிர்ட்டன் ஏழெட்டாயிரம் பவுண்டு சொத்துக்காரராக இருந்து, இரண்டு மூவாயிரம் கடன்காரராகிவிட்டார். அடுத்த வருஷமே செத்தும் போனார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அன்றைக்குப் புத்தகம் கடையில் இருந்தது தைக்காத தாளாக, கட்டுகளாக. வாங்குகிறவர் தன் விருப்பப்படி கட்டிக்கொள்வார். அதனால் ஒருவருடைய மொத்த முதலும் வெறும் தாள் மூட்டைதான்.

சிம்மன்ஸ் பெயர் ஏன் இல்லை? தீக்குப் பிந்தைய வருஷம், ஆசிரியரோ மன்னர் கொல்லப்பட்டதை நியாயப்படுத்தி எழுதிய ஆள். 1664இல்தான் ஜான் ட்வின் என்ற அச்சகக்காரரை ஒரு ராஜத் துரோக நூலுக்காகத் தூக்கிலிட்டு வெட்டிக் கூறுபோட்டார்கள். ஆசிரியர் யார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. சிம்மன்ஸ் பயந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது முழுதாக ஒட்டவில்லை. பதிவேட்டில் தன் பெயரில்தானே ஏற்றினார், தணிக்கை அதிகாரியின் அனுமதியும் வாங்கினார். அவர் அச்சகம் வைத்திருந்தவர், கடைத்தெருவில் முகம் கிடையாது. விற்கத் தெரிந்தவர்கள் பெயரைப் போட்டால் சரக்கு ஓடும் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

#9 எழுத்தாணி77

நூத்துக்கு அஞ்சு. சரி, கொக்குவில் அண்ணனுக்காக ஒரு படி இறங்கி வரேன். என் முதல் தொகுப்பை வெளியிட்டவங்க (பேரு வேணாம்) ஒப்பந்தமே போடலை. எத்தனை பிரதி வித்துதுன்னு கேட்டா "நல்லா போகுது தம்பி"ன்னு தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவாங்க. அந்த வகையில மில்டன் கொடுத்துவெச்ச மனுஷன்தான்.

ஆனா 1619ல நடந்ததுக்கு என்ன சப்பைக்கட்டு? தாமஸ் பேவியரும் வில்லியம் ஜாகர்டும் சேர்ந்து ஷேக்ஸ்பியர் பேர்ல பத்து நாடகம் அடிச்சாங்க. அதுல சிலதுக்கு முகப்புல 1600, 1608னு பொய் வருஷம். ரெண்டு மூணு நாடகம் ஷேக்ஸ்பியரோடதே இல்லை. ஷேக்ஸ்பியர் இருந்த நாடகக் குழு முறையிட்டு, அவங்க அனுமதியில்லாம அடிக்கக் கூடாதுன்னு அந்த வருஷ மே மாசம் அரண்மனையிலேர்ந்து சங்கத்துக்கு ஓலை போச்சு. இதுவும் நிக்கலஸ் லிங் மாதிரி சட்டபூர்வமா?

#10 அச்சுக்கோப்பன்

பொய் வருஷத்தை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

#11 சுவடிப்பூச்சி

ஐயா, தாளை வைத்து. 1908இல் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் என்பவர் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே தெரியும் நீர்க்குறிகளை ஒப்பிட்டார். 1600 என்று போட்டதிலும் 1608 என்று போட்டதிலும் 1619 என்று போட்டதிலும் ஒரே தாள் கலந்து கிடந்தது. ஒரு அச்சகத்தில் எட்டு, பத்து வருஷப் பழைய தாள் இப்படிக் கலந்து கிடக்காது.

எழுத்தாணி, அந்த 1619க்குச் சப்பைக்கட்டு இல்லை. பொய் பொய்தான். ஆனால் அதே ஜாகர்டு அச்சகத்தில்தான் நான்கு வருஷம் கழித்து 1623 ஃபோலியோ, அதாவது ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெரிய தாள் தொகுப்பு, அச்சானது. 36 நாடகம். அதில் பாதி அதற்குமுன் அச்சேறாதவை. அந்த அச்சகம் இல்லாவிட்டால் மாக்பெத்தும் டெம்பெஸ்டும் நமக்கு இல்லாமலே போயிருக்கலாம். நல்லவன், கெட்டவன் என்று பிரிக்கப் போனால் நமக்குத்தான் தலைவலி.

#12 மேகலா_திருச்சி

ஃபோலியோவின் கடைசிப் பக்கத்தில் நாலு பேர் செலவில் அச்சிட்டது என்று இருக்கிறதே சார்: வில்லியம் ஜாகர்டு, எட்வர்ட் பிளவுண்ட், ஜான் ஸ்மெதிக், ஆஸ்ப்ளி. முகப்பிலோ ஐசக் ஜாகர்டும் பிளவுண்டும் மட்டும். ஆஸ்ப்ளி நம் சானெட்டுக் கடைக்காரர்தானே? இங்கே எப்படிப் பங்காளி ஆனார்?

#13 சுவடிப்பூச்சி

அவரேதான். ஆஸ்ப்ளியும் ஸ்மெதிக்கும் பணத்தைவிட முக்கியமான ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: பதிவேட்டு உரிமை. மச் அடூ அபவுட் நத்திங், நான்காம் ஹென்றி இரண்டாம் பாகம் ஆஸ்ப்ளி கையில். ஹாம்லெட், ரோமியோ ஜூலியட் உட்பட நாலு நாடகம் ஸ்மெதிக் கையில். லிங்கிடமிருந்து 1607இல் கைமாறியவை. அவர்களைச் சேர்க்காமல் முழுத் தொகுப்பு போட முடியாது. இரண்டு ஜாகர்டு ஏன் என்றால், அப்பா வில்லியம் நூல் வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னால் இறந்துபோனார், மகன் ஐசக் முடித்தார். 1623 நவம்பர் 8 அன்று பிளவுண்டும் ஐசக்கும் பதிவேட்டில் ஏற்றியது 16 நாடகங்களை, "முன்பு பிறர் பெயரில் ஏறாதவை" என்ற குறிப்போடு.

உரிமை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டிராய்லஸ் அண்ட் கிரெஸிடா சாட்சி. ரோமியோ ஜூலியட் முடிந்ததும் அதை அடிக்கத் தொடங்கி மூன்று பக்கம் போனதும் நிறுத்திவிட்டார்கள். ஹென்றி வாலி என்பவர் உரிமையை விடவில்லை போலிருக்கிறது. அந்த இடத்தில் டைமன் நாடகத்தைச் சொருகினார்கள். கடைசி நேரத்தில் பேரம் படிந்து டிராய்லஸ் உள்ளே வந்தது, ஆனால் உள்ளடக்கப் பட்டியல் அதற்குள் அச்சாகிவிட்டது. பட்டியலில் 35 நாடகம், நூலில் 36. சில பிரதிகளில் பழைய தாளும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது: ஒரு பக்கம் ரோமியோவின் முடிவு, பேனாவால் குறுக்கே அடித்தது, மறுபக்கம் டிராய்லஸின் தொடக்கம்.

#14 அச்சுக்கோப்பன்

அடிச்ச தாளைத் தூக்கிப் போட மனசு வராதுங்க. அதுவும் அவ்வளவு பெரிய தாள். எங்க முதலாளியா இருந்தாலும் கோடு போட்டு உள்ள வெச்சுத் தெச்சிருப்பார்.

#15 மேகலா_திருச்சி

அட்டவணையை மாற்றிவிட்டேன். "பதிப்பாளர்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு முதல் போட்டவர், அச்சிட்டவர், விற்ற இடம், பதிவேட்டில் யார் பெயர் என்று நாலு கட்டம். 1667 மில்டனில் முதல் கட்டத்தை முகப்பை வைத்து நிரப்ப முடியாது, ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பும் கொடுத்தாயிற்று. வகுப்பில் ஒரு பையன் கேட்கிறான்: எழுதியவருக்குச் சட்டப்படி உரிமை எப்போது வந்தது?

#16 சுவடிப்பூச்சி

1710, ஆன் அரசி காலத்துச் சட்டம். புது நூலுக்கு 14 வருஷம், ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. ஏற்கெனவே அச்சானவற்றுக்கு 21. கேட்டு வாங்கியவர்களில் முன்னால் நின்றவர்கள் லண்டன் புத்தக வியாபாரிகள்தான். 1695இல் அச்சு அனுமதிச் சட்டம் காலாவதியானதும் அவர்கள் பதிவேட்டுக்கு இருந்த பலம் குறைந்துவிட்டது. ஆசிரியருக்கு உரிமை என்று சொல்லி வாங்கி, அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். 14ம் 21ம் முடிந்த பிறகும் தங்களுக்கு நிரந்தர உரிமை உண்டு என்று வழக்காடினார்கள். எடின்பரோவின் அலெக்சாண்டர் டொனால்ட்சன் மலிவு விலையில் மறுபதிப்பு போட்டு அதைப் பிரபுக்கள் சபை வரை கொண்டுபோய் 1774இல் ஜெயித்தார்.

பாரடைஸ் லாஸ்ட் உரிமையும் இதற்குள் சிம்மன்ஸிடமிருந்து பிரபாசன் எய்ல்மருக்கும், அவரிடமிருந்து இரண்டு தவணையாக ஜேக்கப் டான்சனுக்கும் போயிருந்தது. டான்சன் தன்னை ஓவியமாக வரையச் சொன்னபோது கையில் பிடித்திருந்தது அந்தப் புத்தகத்தைத்தான். எழுத்தாணிக்கு வயிறு எரிய இது போதும். டான்சனைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்த இழை தாங்காது, மேகலா, தனியாக ஒன்று தொடங்குங்கள்.

#17 எழுத்தாணி77

ஏற்கெனவே எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. தொடங்குங்க, வரேன்.